மாற்றாந்தாயா, சிற்றன்னையா?

நாளிதழைப் பிரித்தால் அடிக்கடி கண்ணில் படும் சொற்றொடர் ஒன்று உண்டு: 'மாற்றாந்தாய் மனப்பான்மை'. ஓர் அரசு ஒரு பகுதிக்குரிய நிதியை ஒதுக்கவில்லையா? மாற்றாந்தாய் மனப்பான்மை. இரயில் பாதைத் திட்டமொன்று கைவிடப்பட்டதா? மாற்றாந்தாய் மனப்பான்மை. மேடையில் முழங்குவோரும், அறிக்கை விடுப்போரும், அதைப் படித்துத் தலையசைப்போரும், இன்னொருத்தி ஈன்ற பிள்ளைக்கு விடியற்காலையில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் பெண்கள் நம் தெருக்களில் உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தச் சொல்லை நின்று நிதானித்துப் பார்க்கும் வாய்ப்பை எனக்கு அளித்தவள் என் தங்கை மகள். வயது பத்தொன்பது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்கின்றாள். எழுத்தாளராக வேண்டும் என்பது அவள் கனவு. கோடை விடுமுறையில் என் வீட்டிற்கு வந்தவள், நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றை என் முன் வைத்தாள். "மாமா, ஒரு நெடுங்கதைக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்" என்றாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதியதைத் திருத்துவது எனக்குப் பழகிப்போன வேலை. ஆயினும் அந்தக் குறிப்பேட்டை அத்துணை எளிதாக என்னால் படித்துவிட முடியவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை நோயுற்று இறைவனில் துயில் கொண்டபோது இவளுக்கு வயது ஆறு. இரண்டு ஆண்டுகள் கழித்து மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் அதிகம் பேசாதவர். பிறகு அவருக்கு ஒரு மகன் பிறந்தான். என் தங்கையின் இடத்திற்கு வந்த அந்தப் பெண் முதல் நாளிலிருந்தே என்னை 'அண்ணன்' என்றுதான் அழைத்து வருகிறார். இவளோ அவரைச் 'சித்தி' என்பாள். அந்த இல்லத்தில் சண்டை இல்லை, பசி இல்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில இல்லங்களில் எல்லாம் சரியாக இருந்தும், யாரும் உட்காராத ஒரு நாற்காலி நடுவில் இருப்பதுபோல் தோன்றுமல்லவா? அப்படிப்பட்டதோர் இல்லம் அது.

குறிப்பேட்டில் அவள் வரைந்திருந்த திட்டம் இதுதான். மேலைநாட்டுத் தேவதைக் கதைகளுள் புகழ்பெற்ற மூன்றை எடுத்துக்கொண்டு ஒரே கதையாக்க வேண்டும்: சிண்டரெல்லா, ஸ்னோ ஒயிட் என்னும் வெண்பனிப் பெண், காட்டில் கைவிடப்பட்ட அண்ணன் தங்கையான ஹான்சல், கிரெட்டல். நடுக்காட்டில் ஒரு சத்திரம். பனி கொட்டும் இரவொன்றில் மூன்று கதைகளின் மாற்றாந்தாய்களும் தனித்தனியே அங்கு வந்து ஒதுங்குகின்றனர். விடிவதற்குள் பிள்ளைகளும் வந்துவிடுகின்றனர். வழக்கு மன்றம் கூடுகின்றது. பிள்ளைகள் நீதிபதிகள், சித்திகள் குற்றவாளிகள், பொய்யே சொல்லத் தெரியாத மாயக் கண்ணாடி சாட்சி.

திட்டம் அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசிரியன் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? "அம்மா, பூக்களை ஒரு கூடையில் கொட்டினால் மாலை ஆகிவிடுமா? நார் எங்கே?" என்று கேட்டேன். மூன்று கதைகளின் மாந்தரும் ஒரே சத்திரத்தில் இருப்பது கூடை. ஒரு கதை இல்லாமல் இன்னொரு கதை நடக்கவே முடியாது என்னும் நிலையை உண்டாக்குவதுதான் நார்.

கதைகளைக் கோத்துக் கட்டும் கலை நமக்குப் புதிதன்று. வேதாளக் கதைகள் இருபத்தைந்தையும் இணைத்து நிற்பது விக்கிரமாதித்தன் வாய் திறக்கக் கூடாது என்னும் ஒரே நிபந்தனைதான். கதை முடிவில் வேதாளம் கேள்வி கேட்கின்றது. மன்னன் விடை சொல்கிறான். வேதாளம் மீண்டும் மரத்திற்குப் போய்விடுகின்றது. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவும், ஐந்து சீடர்களைக் கொண்டு பல நகைப்புக் கதைகளை ஒரே நூலில் கோத்ததுதான்.

மேலை நாட்டிலும் இதற்கு அண்மைக் காலச் சான்று உண்டு. ஸ்டீபன் சோன்ட்ஹைம் இசையமைத்துப் பாடல்கள் எழுத, ஜேம்ஸ் லபைன் கதையமைத்த 'இன்டு தி வூட்ஸ்' என்னும் இசை நாடகம் 1987-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. சிண்டரெல்லா, சிவப்புத் தொப்பிச் சிறுமி, அவரைக் கொடியேறிய ஜாக், கோபுரத்தில் அடைபட்ட ரபுன்சல் ஆகிய அனைவரும் அதில் உண்டு. அவர்களைப் பிணைப்பதற்குப் பழைய கதை எதிலும் இல்லாத ஒரு ரொட்டிக் கடைக்காரனையும் அவன் மனைவியையும் புதிதாகப் படைத்தார்கள். சூனியக்காரியின் சாபத்தால் அவர்களுக்குப் பிள்ளையில்லை. சாபம் தீர நான்கு பொருள்கள் வேண்டும்: வெண்ணிறப் பசு, செந்நிற மேலங்கி, பொன்னிறக் கூந்தல், பொற்காலணி. ஒவ்வொன்றும் ஒரு கதையில் இருக்கின்றது. ஆகவே நான்கு கதைகளுக்குள்ளும் அவர்கள் நுழைந்தே தீர வேண்டும். பிள்ளை வேண்டும் என்னும் ஏக்கம்தான் அங்கே நார். முதற் பாதியிலேயே எல்லாரும் விரும்பியதைப் பெற்று மகிழ்கின்றனர். விரும்பியதை அடைந்ததற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் இரண்டாம் பாதி.

இதையெல்லாம் ஆர்வமாகக் குறித்துக்கொண்டாள். "அப்படியானால் என் கதைக்கு நார், சித்திகளின் கொடுமைதான் மாமா. மூன்றிலும் அதுதானே பொது?" என்றாள். அப்போதுதான் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

யாக்கோபு கிரிம் 1785-இலும், வில்ஹெல்ம் கிரிம் 1786-இலும் பிறந்தவர்கள். தந்தையைச் சிறுவர்களாக இருந்தபோதே இழந்தார்கள். தாயையும் 1808-இல் இழந்தார்கள். 1812-ஆம் ஆண்டு இறுதியில் அவர்களது கதைத் தொகுதியின் முதற் பாகம் வெளிவந்தபோது மூத்தவருக்கு இருபத்தேழு வயது, இளையவருக்கு இருபத்தாறு. ஏறத்தாழ என் மருமகளைப் போன்ற இளம் எழுத்தாளர்கள்தாம்! இரண்டாம் பாகம் 1815-இல் வந்தது. அதன்பின் பதிப்புக்குப் பதிப்பு, பெரும்பாலும் இளையவர் கையால், கதைகள் செப்பனிடப்பட்டுக்கொண்டே வந்தன. 1857-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பே இன்று உலகெங்கும் அறியப்படுவது.

அந்த முதற் பதிப்பைப் பார்த்தால் நமக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கின்றது. பனிக்காலத்தில் சன்னலோரம் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த அரசி, ஊசி குத்திய விரலிலிருந்து பனியில் விழுந்த மூன்று துளி இரத்தத்தைக் கண்டு, பனியைப் போல் வெண்மையும் இரத்தத்தைப் போல் செம்மையும் கருங்காலியைப் போல் கருமையும் கொண்ட பிள்ளை வேண்டும் என ஏங்கினாள் அல்லவா? மகளின் அழகைக் கண்டு பொறாமை கொண்டு அவளைக் கொல்லச் சொன்னவளும் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே அரசிதான், பெற்ற தாயேதான்! 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தாய் பிள்ளையைப் பெற்றவுடன் இறந்து போகின்றாள்; கொடுமை செய்ய ஒரு மாற்றாந்தாய் வந்து சேர்கின்றாள். ஹான்சல், கிரெட்டல் கதையிலும் இதே நிலைதான். பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று கணவனை வற்புறுத்தியவள் முதலில் அவர்களின் தாய். 1840-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக மாறுகின்றாள்.

ஏன் மாற்றினார்கள்? பிள்ளைகள் படிக்கும் நூலில் தாய் என்னும் பெயர் மாசுபடக் கூடாது என்பதே நோக்கம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த நோக்கத்தைக் குறை கூற முடியுமா? ஆனால் பழி எங்கும் போய்விடவில்லையே! ஒரு தலையிலிருந்து இறக்கி வைக்கப்பட்ட சுமை, கேட்பாரற்ற இன்னொரு தலையில் ஏற்றப்பட்டது. சண்டைக்கு வர அவளுக்குச் சொந்தப் பிள்ளைகள் கூடக் கதைக்குள் இல்லை.

என் மருமகள் நெடுநேரம் பேசவில்லை. அவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். தாயற்ற பிள்ளைக்குத் தாயைப் பற்றிய எண்ணமே சொத்து. ஆயினும் எழுதுகோலைக் கையில் எடுத்தவளுக்கு, தான் எடுத்தாளும் பொருளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பொன்னென்று வாங்குகிறவன் அதை உரசிப் பார்க்கத்தானே வேண்டும்?

மறுநாள் காலை அவள் வேறொரு கேள்வியுடன் வந்தாள். "மாமா, இந்த மூன்று கதைகளிலும் அப்பாக்கள் எங்கே?"

நான் சற்றே திகைத்தேன். அவள் இரவு முழுவதும் கதைகளைத் திரும்பப் படித்திருக்கின்றாள். சொன்னதெல்லாம் உண்மை. கிரிம் சகோதரர்களின் சிண்டரெல்லா கதையில் தந்தை இறந்துவிடவில்லை. கதை முழுவதும் அதே வீட்டில்தான் இருக்கின்றார். மகள் அடுப்பங்கரைச் சாம்பலில் உறங்குவது அவருக்குத் தெரியும். சந்தைக்குச் சென்றபோது மற்றப் பெண்கள் பட்டும் முத்தும் கேட்க, இவள் கேட்டதெல்லாம் திரும்பும் வழியில் அவர் தொப்பியில் முதலில் இடிக்கும் மரக்கிளை ஒன்றைத்தான். ஹேசல் மரத்தின் அந்தக் கொம்பை அவரே கொண்டு வந்து கொடுக்கின்றார். ஆனால் இறுதியில் இளவரசன் வந்து, 'வேறு மகள் உண்டா?' என்று வினவும்போது, மறைந்த மனைவி விட்டுச் சென்ற ஓர் அழுக்குப் பெண்தான் மிச்சம், அவள் மணமகளாக இருக்க முடியாது என்று அந்தத் தந்தையே சொல்கின்றார்! வெண்பனிப் பெண்ணின் தந்தையாகிய அரசனோ மறுமணம் செய்துகொண்ட பிறகு கதையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஹான்சலின் தந்தை மட்டும் முதலில் மறுக்கின்றார், மனம் நோகின்றார், ஆனால் இசைந்துவிடுகின்றார். இறுதியில் பிள்ளைகள் அவரிடமே திரும்பி, அணைத்துக்கொண்டு, இன்புற்று வாழ்கின்றனர். அவளோ அதற்குள் இறந்துவிடுகின்றாள்.

"தீங்கு செய்தவளுக்குத் தண்டனை கிடைக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பிள்ளைகள் கிடைக்கிறார்கள்" என்றாள். கதைகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாளா என்பது எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர். ஆனால் என் தங்கை இறந்த நாள் முதல் அவளைப் பற்றி அவர் மகளிடம் பேசியதில்லை. புண்ணைக் கிளறக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த மௌனத்தின் இரு புறத்திலும் இரண்டு பெண்கள் பத்தாண்டுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அன்பர்களே, இக்கதைகள் வழங்கிய காலத்தையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் பிள்ளைப்பேற்றின்போது காய்ச்சல் கண்டு இறந்த தாய்மார் கணக்கற்றோர். கைகளைக் கழுவிவிட்டு மருத்துவம் பார்த்தாலே இந்தச் சாவுகள் குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டது 1847-இல்தான். அவர் சொன்னதை உலகம் ஏற்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. தாயிழந்த குழந்தைகளை வைத்துக்கொண்டு தவித்த ஆண்கள் விரைவில் மறுமணம் செய்தனர். வந்தவளுக்கும் பிள்ளைகள் பிறந்தன. இருக்கும் ரொட்டி நான்கு துண்டு. உண்ணும் வாய் ஏழு. யாருக்கு நிலம், யாருக்குச் சீர் என்ற பூசல் வேறு. வறுமையின் பிள்ளைதான் அந்தக் கொடுமை. ஆனால் கதை, வறுமைக்கு முகம் வரைய முடியாமல் ஒரு பெண்ணுக்கு முகம் வரைந்துவிட்டது.

சொற்களுக்கும் இந்த வரலாறு தெரியும் போலும். ஆங்கிலத்தில் 'ஸ்டெப்மதர்', ஜெர்மனில் 'ஷ்டீஃப்முட்டர்' என்கின்றனர். அந்த 'ஸ்டெப்' என்பது படி என்னும் பொருளுடையதன்று. பழைய மொழியில் அது இழப்பைக் குறித்த வேர். அதாவது, இழந்த பிள்ளைக்குத் தாயாக வந்தவள். நம் மொழியிலோ இரண்டு சொற்கள் உள்ளன. 'மாற்றாந்தாய்' என்பதன் அருகில் நின்றாலே 'மாற்றான்' என்னும் பகைவனும் 'மாற்றாள்' என்னும் சக்களத்தியும் நினைவுக்கு வந்துவிடுகின்றனர். 'சிற்றன்னை' என்னும் சொல்லோ, வீட்டு வழக்கில் 'சித்தி'யாகி, அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் ஒன்றாகவே வழங்குகின்றது. முதற் சொல் பகையைச் சொல்கின்றது. இரண்டாம் சொல் 'சிறிய தாய்' என்று உறவைச் சொல்கின்றது. மேடைக்கும் செய்தித்தாளுக்கும் முதற் சொல்லை எடுத்துக்கொண்டோம். நல்ல வேளையாக, பிள்ளைகளின் நாவில் இரண்டாம் சொல்லே தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் அவள் திட்டத்தை மாற்றியிருந்தாள். சத்திரம் போய்விட்டது. வழக்கு மன்றமும் இல்லை. சாட்சியாக நின்ற கண்ணாடியே இப்போது நாராகிவிட்டது! வெண்பனிப் பெண்ணின் மாளிகையில் அந்த அரசி மடிந்த பின் கண்ணாடி விலைக்குப் போகின்றது. கை மாறி, வீடு மாறி, காட்டோரம் வாழும் விறகுவெட்டியின் குடிசைக்கு வருகின்றது. அங்கே யார் அழகி என்று கேட்பாரில்லை. பசித்த பெண்ணொருத்தி, 'இந்த மாவு நால்வருக்கும் போதுமா?' என்று கேட்கின்றாள். கண்ணாடிக்குப் பொய் தெரியாது, போதாது என்கின்றது. அந்த விடையில்தான் ஹான்சலும் கிரெட்டலும் காட்டுக்குப் போகின்றனர். பிறகு அது சிண்டரெல்லாவின் தந்தை கைக்கு வருகின்றது. சாம்பலில் கொட்டிய பயற்றை மகள் பொறுக்கிக்கொண்டிருக்கும் இரவில் அவர் அதன்முன் நிற்கின்றார். கேள்வி கேட்க அஞ்சி, துணியால் மூடிவிடுகின்றார். மூடிய கண்ணாடி பரண்மேல் கிடந்து, கடைசியில் நான்காவதொரு வீட்டை அடைகின்றது.

"அந்த வீடு எந்தக் கதையிலும் இல்லை மாமா" என்றாள்.

அந்த வீட்டில் இளம்பெண் ஒருத்தி, மணமாகி வந்த முதல் நாளே, தாயற்ற ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றாள். அவள் கொடியவள் அல்லள், தேவதையும் அல்லள். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சிறுமியின் தாய் கல்லறைக்கு யாரும் அறியாமல் சென்று, அங்குள்ள ஹேசல் மரத்திற்குத் தண்ணீர் வார்க்கின்றாள். பழைய கதையில் அந்த மரம் மகளின் கண்ணீரால் வளர்ந்தது. இந்தக் கதையில் அதற்கு இரண்டு பேர் நீர் வார்க்கிறார்கள். ஒருவர் வார்ப்பது மற்றவருக்குத் தெரியாது.

இதைப் படித்தபோது என் கண் கலங்கியது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாளில் என் தங்கையின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புல் செதுக்கி, மறுநாளைக்கு வேண்டிய மெழுகுவர்த்தியையும் செவ்வந்திப் பூவையும் வாங்கி வைப்பவர் யார் என்பது எனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் ஓராண்டு நானே பார்த்திருக்கின்றேன். 'அண்ணன், பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். கூச்சப்படுவாள்' என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை எப்படியோ அறிந்திருக்கின்றாள். எத்தனை ஆண்டுகளாக என்பதை நான் கேட்கவில்லை.

கதை ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. நான்காம் வீட்டின் பெண் பரணைத் துப்புரவு செய்யும்போது கண்ணாடியைக் கண்டெடுக்கின்றாள். துணியை விலக்குகின்றாள். அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கின்றது: 'இந்தப் பிள்ளைக்கு என்மேல் அன்பு உண்டா?' கண்ணாடி பொய் சொல்லாது. ஆகவே கேட்கத் துணிவில்லை. துணியைக் கையில் பிடித்தபடி நிற்கின்றாள்.

"கேட்கலாமா மாமா? கேட்டால் கண்ணாடி என்ன சொல்லும்?" என்றாள் என் மருமகள்.

கதை முடிப்பது எப்படி என்று எத்தனையோ மாணவர்களுக்குக் கற்பித்தவன்தான் நான். இந்தக் கேள்விக்குப் பாடநூலில் விடை இல்லை. "அம்மா, கண்ணாடியை விட்டுவிடு. அந்தச் சிறுமி அடுத்த அறையில்தானே இருக்கின்றாள்? அவள் காதில் கேள்வி விழுந்தால் போதாதா?" என்று மட்டும் சொன்னேன். அவள் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முடிவை அவள் எழுதிவிட்டாளா என்பதை நான் அறியேன், அவசரப்படுத்தவும் விரும்பவில்லை. ஊர் திரும்பும் நாளில், குறிப்பேட்டை முதலில் யாரிடம் படிக்கக் கொடுப்பது என்று என்னிடம் கேட்டாள். அவளே சற்று நேரம் கழித்து, "அப்பாவிடமும் சித்தியிடமும், இருவரும் சேர்ந்து இருக்கும்போது" என்றாள். கிரிம் சகோதரர்கள் தாயின் பெயரைக் காக்க ஒருத்தியைப் பழிக்கு ஆளாக்கினார்கள். இவள் யாரையும் பழிக்கு ஆளாக்காமல் தன் தாயின் கல்லறை மரத்தைத் தழைக்கச் செய்திருக்கின்றாள்.

பழங்கதைகளை நாம் எரித்துவிட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு அவற்றைச் சொல்வோம். ஓநாயும் சூனியக்காரியும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சொல்லும்போது ஒன்றை மட்டும் எண்ணிக்கொள்வோம். நம் எதிரில் அமர்ந்து கதை கேட்கும் பிள்ளைகளுள் ஒன்று, கதை முடிந்தவுடன் எழுந்து ஒரு சித்தியின் கையிலிருந்து சோறு வாங்கி உண்ணப் போகின்றது. அந்தச் சோற்றில் நம் கதையின் நஞ்சு ஒரு துளியும் கலந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது, கதை சொல்லும் நம் கடமையன்றோ?